அவசரப்படுத்தாத மேசை: சின்ன நகரத்து பிஸ்ட்ரோவில் ஒரு இரவுச் சாப்பாடு

மாலைநடை:
வேலை விஷயமாக ஒரு சின்ன நகரத்தில் தங்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே ஒரு பிஸ்ட்ரோவில், அதாவது பிரெஞ்சு பாணிச் சின்ன உணவகத்தில், மேசை கிடைத்தது. எங்கே, என்ன பெயர் என்று கேட்காதீர்கள், கடைக்கு விளம்பரம் செய்ய இந்த இழையைத் தொடங்கவில்லை. பெருநகரத்தின் பெரிய உணவகங்களில் எனக்குக் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது. அதைப் பற்றிப் பேசலாமே என்றுதான் எழுதுகிறேன்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு மேசைகள். அச்சடித்த மெனு அட்டை கிடையாது. சுவரில் ஒரு கரும்பலகை, அதில் சாக்பீஸால் எழுதியிருந்தது: தொடக்கத்துக்கு மூன்று, நடுவில் நான்கு, இனிப்பில் மூன்று. முடிந்தது கதை. நான்காவது பிரதான உணவை நாங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு பெண் வந்து துடைக்கும் துணியால் அழித்துவிட்டுப் போனார். தீர்ந்துவிட்டதாம்.

எனக்கு முதலில் லீக் வினிகிரெட். வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்குமே, அந்த லீக் தண்டை மெத்தென்று வேகவைத்து, ஆறவிட்டு, கடுகு கலந்த வினிகரும் எண்ணெயும் ஊற்றி, மேலே அவித்த முட்டையைத் துருவிப் போட்டிருந்தார்கள். அவருக்கு வெங்காய சூப். அடுத்து எனக்கு மீன், அவருக்கு வாத்துக்கால். மீனை மாவில் புரட்டி வெண்ணெயில் பொரிப்பார்கள், ம்யூனியேர் என்று பெயர். தட்டு மேசைக்கு வந்த பிறகும் வெண்ணெய் நுரைத்துக்கொண்டிருந்தது. நல்ல பழுப்பு நிறம், வறுத்த கொட்டை வாசம். எலுமிச்சையைப் பிழிந்ததும் சொய்ங் என்று ஒரு சத்தம். அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோர் காதும் புளித்துவிட்டது, அதனால் உங்களிடம் வந்திருக்கிறேன்.

இவ்வளவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என்னை மயக்கியது வேறு. முதல் தட்டை எடுத்த பிறகு கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. மறந்துவிட்டார்களோ என்று நினைக்கும் அளவுக்கு நீளவும் இல்லை, மூச்சுவிட முடியாத அளவுக்குச் சுருங்கவும் இல்லை. அந்த இடைவெளியில் நாங்கள் பல மாதமாகத் தள்ளிப்போட்ட ஒரு பேச்சைப் பேசி முடித்தோம். பரிமாறியவர் ஒரு தடவைகூட "எல்லாம் ஓகேவா" என்று நடுவே நுழையவில்லை. ஆனால் ரொட்டி தீர்ந்ததும் ரொட்டி வந்தது. இந்த நேரக்கணக்கை எப்படிச் செய்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்கல்:
தோழி, நல்லா எழுதியிருக்கிறீர்கள், பசி எடுக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். அது நேரக்கணக்குத்தானா, இல்லை சமையலறையில் ஆள் போதாமல் தாமதமா? நான் போன இதே மாதிரி ஓர் இடத்தில் பெரிய வெள்ளைத் தட்டின் நடுவே மூன்று பட்டாணியும் ஒரு துண்டு மீனும் வந்தது. அதற்கு நாற்பது நிமிடம். நாங்கள் பேச வேண்டியதைப் பேசி முடித்து, சண்டையும் போட்டு, சமாதானமும் ஆகிவிட்டோம். சத்தம் வேறு, எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. "நாகரிகமான உணவகம்" என்ற பெயரில் பாதிப் பேர் செய்வது இதுதான்.

எலுமிச்சங்காய்:
மூன்று பட்டாணிக்கு நாற்பது நிமிடம் என்றால் ஒரு பட்டாணிக்குப் பதின்மூன்று நிமிடம். தனித்தனியாக வேகவைத்திருப்பார்கள்.

தீயடுப்பு:
நான் சமையலறை ஆள். பெரிய ஹோட்டலிலும் நின்றிருக்கிறேன், இரண்டே பேர் இருந்த சின்ன அடுக்களையிலும் நின்றிருக்கிறேன். மாலைநடை கேட்டதற்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கரும்பலகையைப் பாருங்கள். பார்ப்பதற்கு அழகு என்பது இருக்கட்டும், அது ஒரு வேலைத்திட்டம். நீங்கள் சாப்பிட்ட நான்கையும் வைத்தே காட்டலாம்.

லீக் வினிகிரெட் காலையிலேயே தயார். ஆர்டர் வந்ததும் தட்டில் எடுத்து வைத்து முட்டையைத் துருவினால் சரி, அடுப்பே தேவையில்லை. வெங்காய சூப்பும் அப்படித்தான். வெங்காயத்தைச் சின்னத் தீயில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வதக்கி, பொன்னிறம் தாண்டி ஆழ்ந்த பழுப்புக்குக் கொண்டுவந்து, ஸ்டாக், அதாவது எலும்போ காய்கறியோ வேகவைத்து வடித்த சாறு, ஊற்றிக் கொதிக்கவிடும் வேலை மதியமே முடிந்துவிடும். பத்து நிமிடத்தில் வெங்காயம் பழுப்பாகிவிடும் என்று எழுதும் சமையல் குறிப்புகளை நம்பாதீர்கள். இரவில் செய்வது கிண்ணத்தில் ஊற்றி, மேலே ரொட்டியும் க்ரூயேர் சீஸும் போட்டு மேல்சூட்டில் உருக்குவது மட்டும்தான்.

வாத்துக்கால், அதாவது கான்ஃபி, அதற்கும் முந்தைய வேலை. காலுக்கு உப்புத் தடவி ஓர் இரவு வைத்து, மறுநாள் வாத்துக் கொழுப்பிலேயே அமிழ்த்தி, கொதிக்கவிடாமல் 85 முதல் 95 டிகிரி செல்சியஸ் சூட்டில் மணிக்கணக்காக வேகவைப்பார்கள். அந்தக் கொழுப்பிலேயே ஆறவிட்டு மூடி வைத்தால் நாள்கணக்கில் நிற்கும். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் பிரான்சின் தென்மேற்குப் பகுதியில் இறைச்சியைக் கெடாமல் வைக்கக் கண்டுபிடித்த வழி அது. இரவில் ஆர்டர் வந்தால் தோல் மொறுமொறுப்பாகும் வரை வறுப்பது மட்டுமே மிச்சம்.

ஆக நான்கில் ஆர்டர் வந்த பிறகு முழுசாகச் சமைத்தது மீன் ஒன்றுதான். ஒரு அயிட்டம் குளிர்ந்த பலகையில், ஒன்று மேல்சூட்டில், ஒன்று ஓவனில், ஒன்று வாணலியில். எல்லாப் பாரமும் ஒரே அடுப்பின் மேல் விழாத மாதிரி பிரித்திருக்கிறார்கள். பிரதானம் நான்கும் வாணலியில் செய்கிற அயிட்டமாக இருந்தால் இரண்டு பேரால் முடியவே முடியாது. நல்ல பிஸ்ட்ரோ செஃப் மெனு எழுதும்போது நாக்கை மட்டும் நினைக்கமாட்டார், தன் கை எத்தனை என்றும் எண்ணிக்கொள்வார்.

இப்போது இடைவெளிக்கு வருவோம். உங்கள் ஆர்டர் சீட்டு உள்ளே போனதும் முதல் தட்டுகளை மட்டும் செய்வோம். அடுத்ததைத் தொடமாட்டோம். பரிமாறுகிறவர் உங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருவர் முடித்து மற்றவர் பாதியில் இருக்கிறாரா, கத்தியும் முள்கரண்டியும் சேர்த்து வைத்தாயிற்றா, பேச்சு சூடு பிடித்திருக்கிறதா, இதெல்லாம் கணக்கு. பிறகு ஜன்னலில் வந்து "ஆறாவது மேசை, ஃபயர்" என்பார். அப்போதுதான் உங்கள் மீன் மாவில் விழும். மீனுக்கு ஏழெட்டு நிமிடம். அவர் குரல் கொடுப்பது இரண்டு நிமிடம் முந்தினால் தட்டு மேசைக்கு இடிக்கும், ஐந்து நிமிடம் பிந்தினால் உப்புக்கல் இங்கே வந்து புகார் எழுதுவார். உங்கள் இரவைச் செய்தவர் செஃப் மட்டுமில்லை, அந்தப் பரிமாறியவரும்தான்.

உப்புக்கல்:
சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் மூன்று பட்டாணிக்கு யார் பொறுப்பு?

தீயடுப்பு:
அது பிஸ்ட்ரோவே இல்லை, பிஸ்ட்ரோ வேஷம். நிஜ பிஸ்ட்ரோவில் தட்டு நிறையும். கன்னத்து இறைச்சி, ஓங்லே என்கிற உதரவிதானப் பக்கத்துத் துண்டு, கால், வால் என்று விலை குறைந்த பாகங்களை எடுத்துப் பொறுமையால் ருசியாக்குவதுதான் அந்தச் சமையல். மாட்டுக் கன்னத்தில் இணைப்புத்திசு அதிகம். சட்டென்று வறுத்தால் ரப்பர். மூடிய பாத்திரத்தில் வைனும் ஸ்டாக்கும் ஊற்றி மணிக்கணக்காக மெல்ல வேகவிட்டால் அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம் கரைந்து ஜெலட்டினாகும். அந்தக் குழம்பைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்த்திருக்கிறீர்களா? வழியாது, தயங்கித் தயங்கி இறங்கும். விளக்கு வெளிச்சம் அதில் பளபளக்கும். மாவு கரைத்து ஊற்றினால் அந்தப் பளபளப்பு வராது. பட்டாணிக்காரரிடம் இந்தக் குழம்பை எதிர்பார்க்க முடியாது.

பின்வரிசை:
இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு சேர்க்கிறேன், வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

சின்ன, சாதாரண அறையில் பெரிய உணவகத் தரத்துச் சமையல் என்ற யோசனைக்கு ஒரு தெளிவான திருப்புமுனை உண்டு. ஈவ் காம்ட்போர்ட் என்ற செஃப் பாரிஸின் ஓட்டேல் த க்ரியோன் ஹோட்டலில் கிறிஸ்தியான் கோன்ஸ்தானிடம் வேலை பார்த்தவர். மினுமினுக்கும் ஹோட்டல் சமையலறை. அதை விட்டுவிட்டு 1992இல் நகரத்தின் ஓரமாக, 14ஆவது வட்டாரத்தில் லா ரெகலாட் என்ற சின்ன இடத்தைத் திறந்தார். வெள்ளிப் பாத்திரம், படை மாதிரி பரிமாறும் ஆட்கள் எல்லாம் இல்லை. கற்றுக்கொண்ட நுட்பம் மட்டும் கூட வந்தது. பொருள் எளிமையானது, விலையும் கட்டுக்குள். கூட்டம் அள்ளியது. அவருடன் வேலை பார்த்தவர்கள் பலரும் அதே வழியில் போனார்கள். 2004இல் செபாஸ்தியன் தெமொரான் என்ற உணவு எழுத்தாளர் இந்தப் போக்குக்கு "பிஸ்ட்ரோனமி" என்று பெயர் வைத்தார்.

உணவகங்களுக்குத் தரம் போடும் மிஷ்லான் கையேடும் 1997இல் பிப் குர்மான் என்று தனியாக ஓர் அடையாளத்தைக் கொண்டுவந்தது, நியாயமான விலையில் நல்ல சாப்பாடு தரும் இடங்களுக்காக. நட்சத்திரம் வேறு, இது வேறு. என்னைக் கேட்டால் நட்சத்திரப் பட்டியலைவிட இந்தப் பட்டியல்தான் பயன்படும்.

எலுமிச்சங்காய்:
டயர் கம்பெனிதானே அது? சாப்பாட்டுக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேள்வி.

பின்வரிசை:
அதே டயர்தான். 1900இல் கார் வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த கையேடு அது. எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே பழுது பார்க்கலாம், எங்கே தங்கலாம் என்றெல்லாம் இருக்கும். ஆட்கள் ஊர் ஊராக ஓட்டினால்தான் டயர் தேயும். 1926இல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். இதனால் சின்ன ஊர்களுக்குப் பெரிய லாபம். லியோனுக்குத் தெற்கே உள்ள வியென் பெரிய நகரமே இல்லை. அங்கே ஃபெர்னான் புவான் நடத்திய லா பிரமீத் 1933இல் மூன்று நட்சத்திரம் வாங்கியது. புகழ்பெற்ற பிரெஞ்சு செஃப் பால் போகூஸ் பிற்பாடு அவரிடம்தான் பயின்றார். ரோவான் ஊரில் த்ருவாக்ரோ சகோதரர்களின் இடம் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருந்தது, 1968இல் அதற்கும் மூன்று நட்சத்திரம். அதனால் "சின்ன நகரத்தில் இப்படி ஒரு சாப்பாடா" என்று ஆச்சரியப்படத் தேவையில்லை. அந்த மரபு பழசு.

தீயடுப்பு:
ஒரு திருத்தம். வியெனும் ரோவானும் பெரிய உணவகங்களின் கதை, பிஸ்ட்ரோ கதை இல்லை. அவற்றின் அடுக்களையில் எஸ்கோஃபியே என்ற பழைய பிரெஞ்சு செஃப் வகுத்த முறையில் சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், ரொட்டி-இனிப்புக்கு ஒருவர் என்று ஆட்கள் இருப்பார்கள். மாலைநடை போன இடத்தில் மூன்று வேலையையும் ஒரே ஆள் செய்திருப்பார். ஆனால் சின்ன நகரம் என்ற விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. வாடகை குறைவு. தோட்டக்காரர் பக்கத்தில். வருகிறவர்களில் பாதிப் பேர் முகம் தெரிந்தவர்கள். ஒரே இரவில் ஒரு மேசையை மூன்று முறை நிரப்பித்தான் ஆகவேண்டும் என்ற நெருக்கடி இல்லாததால் உங்களை எழுப்பிவிட அவசரமும் இல்லை. பெருநகரத்தில் அதே செஃப் அதே சாப்பாட்டைப் போட்டாலும், எட்டரை மணிக்கு அடுத்த ஆள் வந்து நிற்பார் என்பதால் உங்கள் இடைவெளி சுருங்கிவிடும்.

மாலைநடை:
இதைத்தான் தேடினேன்! எட்டு மணிக்கு உட்கார்ந்தோம், கிளம்பும்வரை யாரும் பில்லைக் கொண்டுவந்து வைக்கவில்லை. நாங்கள் கேட்ட பிறகுதான் வந்தது. அங்கே உட்கார்ந்திருக்கும்போது இது மரியாதை என்று தோன்றியது. வாடகையும் காரணம் என்று இப்போது புரிகிறது. புரிந்ததால் மரியாதை குறைந்துவிடவில்லை.

உப்புக்கல் அவர்களுக்கு: சத்தம் அங்கேயும் கொஞ்சம் இருந்தது. ஆனால் சுவரோரமாக, கனமான திரைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். எதிரில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

கண்ணாடித்துளி:
சத்தத்துக்கு ஒரு காரணம் உண்டு. சுற்றிலும் இரைச்சல் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதிவைத்தது, அவர் பெயரிலேயே லொம்பார் விளைவு என்கிறார்கள். ஒரு மேசை உயர்த்தினால் பக்கத்து மேசை உயர்த்தும், பிறகு எல்லோரும். கண்ணாடி, கல்தரை, மொட்டை மேசை என்று எல்லாமே கெட்டியான பரப்பாக இருந்தால் சத்தம் திரும்பித் திரும்பி வரும். திரை, மேசைத்துணி, மெத்தை இருக்கை, புத்தக அலமாரி இவையெல்லாம் கொஞ்சம் விழுங்கும். உப்புக்கல் சார், அடுத்த முறை முன்பதிவு செய்யும்போது "மூலையில் கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். நடுக்கூடத்தில் உட்காராதீர்கள். கூட்டம் சேரும் முன்பே போய்விடுவது இன்னும் நல்லது.

கீரைக்கட்டு:
எல்லோரும் வாத்து, மீன், கன்னம் என்று பேசுகிறீர்கள். நான் சைவம். இந்த மாதிரி இடத்துக்கு நான் போகலாமா, இல்லை ரொட்டியும் தண்ணீரும்தானா?

தீயடுப்பு:
தாராளமாகப் போகலாம், ஆனால் கண்ணுக்குத் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வெங்காய சூப் என்றால் வெங்காயம் என்று நினைப்பீர்கள், அதன் ஸ்டாக் பெரும்பாலும் மாட்டெலும்பு. பயறு சாலட்டில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் ஒளிந்திருக்கும். பாலும் க்ரீமும் சேர்த்துக் குளிரவைத்து உறையச் செய்த இனிப்பில் ஜெலட்டின் இருக்கலாம். சாலட் சாறில் நெத்திலி வகை மீன் அரைத்துக் கலந்திருப்பார்கள்.

சீஸ் விஷயம் பலருக்கும் தெரியாது. பார்மிஜானோ ரெஜானோ என்ற அசல் பார்மசானில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரியவைக்கும் ரெனெட்தான் சேர்க்க வேண்டும் என்பது விதி. க்ரூயேரும் விலங்கு ரெனெட்டில் செய்வதுதான். இதில் கண்டிப்பாக இருப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

மற்றபடி லீக் வினிகிரெட் இருக்கிறது, முட்டை சாப்பிடாவிட்டால் இல்லாமல் தரச் சொல்லலாம். ரத்தத்தூயி முழுக்கக் காய்கறி. உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி க்ரீமும் பூண்டும் சேர்த்து ஓவனில் வைக்கும் கிராத்தான் தோஃபினுவா பழைய முறையில் சீஸ்கூட இல்லாமல் செய்வது. மறக்காமல் ஒன்று செய்யுங்கள், முதல்நாளே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். இரவு எட்டரைக்கு, ஆர்டர்கள் குவியும்போது சொன்னால் எங்களால் முடிவது மீன் இல்லாத மீன் தட்டுதான். முதல்நாள் சொன்னால் காலையில் சந்தைக்குப் போகும்போதே உங்களை நினைத்து வாங்குவோம்.

கீரைக்கட்டு:
ரெனெட் விஷயம் இத்தனை நாள் தெரியாது. நன்றி அண்ணா. சீஸ் தட்டைக் கொஞ்சம் தள்ளியே வைக்கிறேன்.

புதுக்கரண்டி:
முதல்முறை இப்படி ஓர் இடத்துக்குப் போகப்போகிறேன். அதனால் இரண்டு கேள்வி, சிரிக்காதீர்கள். வைன் கொஞ்சமாக ஊற்றிவிட்டு முகத்தைப் பார்ப்பார்களாமே, என்ன சொல்ல வேண்டும்? ஸ்டேக் எப்படி வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது?

கண்ணாடித்துளி:
சிரிக்க ஒன்றுமில்லை. கொஞ்சமாக ஊற்றுவது உங்களுக்குப் பிடிக்கிறதா என்று கேட்பதற்கு இல்லை, பாட்டில் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. கார்க்கில் உண்டாகும் ஒரு வேதிப்பொருள் வைனைக் கெடுத்துவிடும். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் அதுதான், தயங்காமல் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். வாசம் சரி என்றால் தலையசைத்தால் போதும், விமர்சனம் எழுத வேண்டாம். சிவப்பு வைனை அறைச்சூட்டில் தர வேண்டும் என்பார்களே, அந்த அறை பழைய கால ஐரோப்பிய அறை, அதாவது 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். வெதுவெதுப்பாக வந்தால் கொஞ்சம் குளிரவைத்துத் தரச் சொல்வதில் தப்பே இல்லை. குடிக்காதவர் என்றால் முதலிலேயே "வேண்டாம், தண்ணீர் போதும்" என்று சொல்லிவிடுங்கள். நல்ல இடத்தில் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். சுளித்தால் அது நல்ல இடம் இல்லை.

தீயடுப்பு:
ஸ்டேக்குக்கு நான்கு படி. உள்ளே கிட்டத்தட்ட பச்சையாக இருந்தால் ப்ளோ. சாறு சிவப்பாக, நடுவில் 50 டிகிரியை ஒட்டி இருந்தால் செஞ்ஞோன். இளஞ்சிவப்பாக 55 டிகிரிக்குப் பக்கம் அ புவான். அறுபதுகளைத் தாண்டினால் பியேன் குவீ, முழுக்க வெந்தது. பிரெஞ்சு அடுக்களையில் இவை மற்ற இடங்களைவிட ஒரு படி குறைவாகவே வரும், அதனால் சிவப்பு பிடிக்காதவர்கள் ஒரு படி கூட்டிச் சொல்லுங்கள். ஓங்லே துண்டை மட்டும் முழுக்க வேகவைக்கச் சொல்லாதீர்கள், தாடை வலிக்கும். முழுக்க வெந்ததுதான் வேண்டும் என்றால் மெல்ல வேகவைத்த கன்னத்தையோ காலையோ கேளுங்கள், சந்தோஷமாகச் சாப்பிடலாம்.

வறுத்ததும் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்துத்தான் தட்டில் வைப்போம். தாமதம் என்று நினைக்க வேண்டாம். உடனே வெட்டினால் சாறு தட்டில் ஓடிவிடும்.

பின்வரிசை:
வெங்காய சூப்புக்கு ஒரு சின்னச் செய்தி. பாரிஸின் பழைய மத்திய சந்தை லே ஆலில் மூட்டை தூக்கியவர்கள் விடியற்காலையில் குடித்த சூப் அது. இரவு முழுக்க விருந்து முடித்து வரும் பணக்காரர்களும் அதே கடையில் அதே கிண்ணத்தை வாங்கிக் குடிப்பார்களாம். சந்தை 1969இல் ஊருக்கு வெளியே ருஞ்ஜிக்குப் போய்விட்டது, சூப் எல்லா ஊருக்கும் போய்விட்டது.

எலுமிச்சங்காய்:
மாலைநடை, இனிப்பு என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லவே இல்லையே. அதற்காகத்தான் இவ்வளவும் படித்தேன்.

மாலைநடை:
தார்த் தத்தான். ஆப்பிளைச் சர்க்கரையிலும் வெண்ணெயிலும் பாகாக்கி, மேலே மாவு விரிப்பை மூடி ஓவனில் வைத்து, பிறகு தட்டில் கவிழ்த்துவிடுவார்கள். ஒன்று வாங்கி இரண்டு கரண்டி. ஆப்பிள் அரைக்காலாக வெட்டியதுதான், உருவம் குலையவில்லை, ஆனால் கரண்டி பட்டதும் பிளந்தது. பாகு கசப்புக்குப் போக ஒரு நூல் இருக்கும்போது இறக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் புளித்த க்ரீம் ஒரு கரண்டி, அது இல்லாவிட்டால் திகட்டியிருக்கும்.

பின்வரிசை:
அதுவும் சின்ன ஊர்ச் சரக்குதான். லமோத் பெவ்ரோன் என்ற ஊரில் ஸ்டெஃபனி, கரோலின் என்ற தத்தான் சகோதரிகள் நடத்திய ஹோட்டலில் பிரபலமானது. தவறுதலாகக் கவிழ்ந்தது என்ற கதை சும்மா, அந்தப் பக்கத்தில் அப்படிக் கவிழ்க்கும் பழ அப்பங்கள் முன்பே இருந்தன.

புதுக்கரண்டி:
ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. டிப்ஸ்?

கண்ணாடித்துளி:
ஊருக்கு ஊர் வேறு. பிரான்சில் 1987 முதல் மெனுவில் போடும் விலையிலேயே சேவைக்கட்டணம் அடங்க வேண்டும் என்பது விதி, மேலே வைப்பது உங்கள் இஷ்டம். மற்ற இடங்களில் பில்லின் கடைசி வரிகளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஏற்கனவே சேர்த்திருக்கலாம்.

உப்புக்கல்:
இவ்வளவு பேசி என்னை மறுபடி போக வைத்துவிட்டீர்கள். பக்கத்து ஊரில் ஒரு சின்ன இடம், புதன்கிழமைக்கு மூலை மேசை சொல்லியாயிற்று. எல்லாமே அங்கேயே சமைக்கிறார்களா, எங்கோ பொட்டலத்தில் வாங்கிச் சூடாக்கித் தருகிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், வாத்தா மீனா?

தீயடுப்பு:
பிரான்சில் 2014 முதல் இதற்கென்றே ஒரு முத்திரை இருக்கிறது, கூரை போட்ட வாணலி மாதிரி படம். பச்சைப் பொருளிலிருந்து அங்கேயே சமைத்த உணவுக்குப் பக்கத்தில் மட்டும்தான் அதைப் போடலாம். மற்ற ஊர்களில் நீளத்தைப் பாருங்கள். இரண்டு பேர் சமைக்கிற இடத்தில் மெனு நாற்பது வகைக்குப் போனால் உறைபெட்டிதான் சமைக்கிறது.

புதன் என்றால் கூட்டம் குறைவு, சமையலறைக்கு நேரம் இருக்கும், மீனே சொல்லுங்கள். சனிக்கிழமை இரவாக இருந்தால் வாத்து என்றிருப்பேன், அது ஏற்கனவே வெந்தது, நெரிசலில் யாராலும் கெடுக்க முடியாது. பலகையில் வெறும் "இன்றைய மீன்" என்று இருந்தால் என்ன மீன், எப்படிச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். டக்கென்று பதில் வந்தால் வாங்குங்கள். "உள்ளே கேட்டுச் சொல்கிறேன்" என்றாலும் வாங்குங்கள், நேர்மையான ஆள். "எல்லாமே நல்லா இருக்கும் சார்" என்றால் பேசாமல் வாத்துக்குப் போய்விடுங்கள்.